புவேர்த்தோ வயார்த்தாவில் ஓய்வுக்காலம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஹூஸ்டனில் வேலையை முடித்துக்கொண்டு நானும் மனைவியும் 2017-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருக்கும் புவேர்த்தோ வயார்த்தாவுக்கு வந்து சேர்ந்தோம். அன்று முதல் கல்யாணப் பந்தியிலும் ஃபோனிலும், டல்லாஸ் விமான நிலையத்து வரிசையிலும்கூட, அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீலோ ஆடிட்டரோ இல்லை. கட்டணம், வருமான வரம்பு எல்லாம் வருஷா வருஷம் மாறும். பணம் கட்டுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோ பீச்சுன்னா கான்கூன்தானே? இது எங்க இருக்கு?

கான்கூன் கிழக்கே, கரீபியன் கடலில். இது நேர் எதிர்ப்பக்கம்: ஹலிஸ்கோ மாநிலம், பாந்தெராஸ் விரிகுடா. பின்னால் சியெர்ரா மாத்ரே மலை, முன்னால் கடல், இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஊர். எழுத்தைப் பார்த்தால் ‘வல்லார்ட்டா’ என்று படிக்கத் தோன்றும். ஊரில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். இரட்டை ‘எல்’ இங்கே ‘ய’.

மீன்பிடிக் கிராமம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். 2020 கணக்கெடுப்பிலேயே 2.9 லட்சம் பேர். வெளிநாட்டு ஓய்வூதியர்களில் பெரும்பாலோர் அமெரிக்கரும் கனடியரும். குவாலே ஆற்றுக்குத் தெற்கே ‘சோனா ரொமாந்திகா’வில் நெருக்கியடித்து இருப்பார்கள். நாங்கள் ஆற்றுக்கு வடக்கே, ‘சிங்கோ தே தீசியெம்ப்ரே’ பேட்டையில், ஒரு தோஞாவின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தோஞா என்பது வயதில் மூத்த பெண்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல், நம் ‘அம்மா’ மாதிரி.

வருஷம் பூரா கிளைமேட் சூப்பரா இருக்குமாமே?

நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை சூப்பர்தான். காலையில் மெல்லிய சட்டை, இரவில் ஒரு போர்வை, வானத்தில் மேகமே கிடையாது. வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் அந்த மாதங்களில்தான் எடுக்கிறார்கள்.

ஜூன் நடுவில் மழை பிடிக்கும், அக்டோபர் வரை விடாது. மழைகூடப் பரவாயில்லை, பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேல் இடியோடு கொட்டி ஓய்ந்துவிடும். புழுக்கம்தான் ஆளைத் தின்னும். முதல் வருஷம் ஆகஸ்டில் பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினோம். அலமாரியைத் திறந்தால் என் தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை, செருப்புக்கு உள்ளே வெள்ளைப் பூஞ்சை. மனைவியின் பட்டுப்புடவைப் பெட்டியிலிருந்து ஒரு நெடி. சென்னைக் கத்திரி தெரிந்தவர்களுக்கு வெயில் புதிதில்லை. ஆனால் செப்டம்பரில் ராத்திரி பதினொரு மணிக்கும் அந்த ஈரம் இறங்காது.

புயலும் உண்டு. 2002 அக்டோபரில் கென்னா கடற்கரை நடைபாதையை நாசமாக்கியது. 2021 ஆகஸ்டில் நோரா வந்தபோது குவாலே ஆறு பெருக்கெடுத்து ஒரு பாலத்தையும் ஒரு கட்டிடத்தின் பாதியையும் கொண்டுபோனது. என்னைக் கேட்டால், ஒரு செப்டம்பரை முழுசாக இங்கே கழிக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இதைக் கீழேயும் சொல்லுவேன்.

விசா எல்லாம் எதுக்கு? டூரிஸ்டாவே போய் உட்கார்ந்துட்டா?

அமெரிக்க, கனடிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். அதிகபட்சம் 180 நாள் தருவார்கள். ‘அதிகபட்சம்’ என்பதைக் கவனியுங்கள்: அதிகாரி முப்பது நாள் என்று எழுதினால் முப்பதுதான், அதை நீட்டிக்க வழியில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசாவோ, கிரீன் கார்டோ இருந்தால் சுற்றுலாவுக்கு அதுவே போதும்.

குளிர்காலம் மட்டும் வந்து போகிறவர்களுக்கு இது தாராளம். ஆறு மாசத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி ‘முத்திரை புதுப்பித்து’ வருஷக்கணக்கில் ஓட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். அறுபத்தைந்து வயதுக்குமேல் குடியேற்ற அதிகாரி முன் நெஞ்சு படபடக்க நிற்பது எனக்குச் சரிப்படாது.

ரெசிடென்ட் கார்டு வாங்கறது கஷ்டமா?

கஷ்டம் இல்லை, வரிசைக்கிரமம் முக்கியம். மெக்சிகோவுக்கு வெளியே இருக்கும்போதே அவர்களுடைய தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஓய்வூதிய வருமானம் அல்லது சேமிப்பைக் காட்ட வேண்டும். 2025-இல் அமெரிக்காவில் இருக்கும் தூதரகங்கள் தற்காலிகக் குடியிருப்புக்கு மாதம் 4,000 டாலருக்கு மேல், இல்லாவிட்டால் 70,000 டாலரை ஒட்டிய சேமிப்பு என்று கேட்டன. தூதரகத்துக்குத் தூதரகம் வித்தியாசப்படும். முதலில் ஒரு வருஷம், பிறகு மூன்று வருஷம். மொத்தம் நாலு முடிந்தால் நிரந்தரம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. விசா ஒட்டிய பாஸ்போர்ட்டோடு நுழையும்போது அதிகாரி ‘30 நாள், அட்டை மாற்ற’ என்று குறிக்க வேண்டும். அந்த முப்பது நாளுக்குள் குடியேற்ற அலுவலகம் போய் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அசதியில் தானியங்கிக் கதவு வழியாகப் போய்விட்டாலோ, அதிகாரி பழக்கதோஷத்தில் சுற்றுலாப் பயணி என்று குத்திவிட்டாலோ பெரிய தலைவலி. கவுன்ட்டரைவிட்டு நகருமுன் முத்திரையைப் படியுங்கள். கண்ணாடி பெட்டியில் போய்விட்டது என்று சொல்லாதீர்கள், நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

மாசம் எவ்வளவு இருந்தா ஓட்டலாம்?

இரண்டு ஊர்கள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று டாலரில் விலை சொல்லும் ஊர்: கடல் பார்த்த ஃபிளாட், ஆங்கில மெனு, பிக்கிள்பால். இன்னொன்று பெசோவில் நடக்கும் ஊர்: தெருமுனை தாக்கோ கடை, தையல்காரர், ஒரு டாலருக்கும் குறைவான பஸ் டிக்கெட். எந்த ஊரில் எத்தனை நாள் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது செலவு. அதனால் ஒரே எண் சொல்லமாட்டேன். வாடகைதான் பெரிய உருப்படி, அதுவும் வருஷ ஒப்பந்தமா, சீசனுக்கு மட்டுமா என்பதில் ஏகப்பட்ட வித்தியாசம்.

மறக்கக்கூடாதது நாணய மாற்று. 2020 வசந்தத்தில் ஒரு டாலருக்கு 24, 25 பெசோ கிடைத்தது. 2024 வசந்தத்தில் பதினாறரை. அதே பென்ஷன், அதே காய்கறிக் கடை, கையில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. ‘மெக்சிகோ மலிவு’ என்று 2020 கணக்கில் திட்டம் போட்டு வந்த ஒரு தம்பதி, 2024-இல் பெட்டி கட்டியதைப் பார்த்தேன். இன்னொன்று: ஏடிஎம் திரையில் ‘உங்கள் நாணயத்தில் மாற்றித் தரட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் அநியாயம்.

ஏசி போட்டா கரண்ட் பில் எகிறுமாமே?

எகிறும். மின்சாரம் சி.எஃப்.இ. என்ற அரசு நிறுவனத்துடையது, பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டு உபயோகத்துக்கு மானியம் உண்டு. ஆனால் பன்னிரண்டு மாத சராசரி ஒரு வரம்பைத் தாண்டினால் ‘தாக்’ என்ற உயர் உபயோக வகைக்குத் தள்ளிவிடுவார்கள். மானியம் மொத்தமும் போய்விடும். ஒரு கோடை முழுக்க மூன்று அறையிலும் ஏசியை ஓடவிட்டால் அந்தப் பாவம் டிசம்பரிலும் பில்லில் தொடரும், கணக்கு ஒரு வருஷ சராசரி ஆயிற்றே.

வாடகைக்குப் பார்க்கும்போது முந்தைய பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ‘தாக்’ என்று அச்சாகியிருந்தால் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது இருக்கிறது. நாங்கள் படுக்கையறையில் மட்டும் ஏசி, மற்ற இடத்தில் மின்விசிறி. தோஞா வீட்டில் அதுவும் இல்லை. சாயங்காலம் நாற்காலியை நடைபாதையில் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

குழாய்த் தண்ணி குடிக்கலாமா?

யாரும் குடிப்பதில்லை. இருபது லிட்டர் கேன், இங்கே ‘கர்ராஃபோன்’. காலையில் வண்டிக்காரர் தெருவில் ‘ஆஆகுவா’ என்று இழுத்துக் கத்துவார். மாடியிலிருந்து கை தட்டினால் தோளில் ஒன்றை வைத்துக்கொண்டு படியேறி வந்து, காலியை எடுத்துக்கொண்டு போவார். மாடிப்படி ஏறியதற்கு ஐந்து பத்து பெசோ கூடக் கொடுங்கள். கேஸ் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். கொஞ்ச நாளில் எந்தச் சத்தம் எந்த வண்டி என்று காது பிரித்துக்கொள்ளும்.

ஸ்பானிஷ் தெரியாம சமாளிக்க முடியுமா?

டாலர் ஊரில் முடியும். பெசோ ஊரிலும் குடியேற்ற அலுவலகத்திலும் ராத்திரி இரண்டு மணி ஆம்புலன்ஸிலும் முடியாது.

தமிழ் நாக்குக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘எஞே’ என்று அவர்களுக்கு ஒரு எழுத்து, ‘என்’ மேலே நெளிகோடு போட்டது. அமெரிக்க நண்பர்கள் அதோடு மல்லுக்கு நிற்பார்கள். நமக்கு அது ஞ, அவ்வளவுதான். ‘மஞானா’ என்றால் நாளை. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். ர-ற வித்தியாசம் பார்த்து வளர்ந்த காதுக்கு அதுவும் சுலபம்.

இலக்கணத்தைவிட முக்கியம் முகமன். கடைக்குள் நுழைந்ததும் ‘புவெனாஸ் தார்தெஸ்’ சொல்லாமல் ‘இது என்ன விலை’ என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும். உணவகத்தில் எழுந்து போகும்போது பக்கத்து மேசைக்காரர்களிடம், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், ‘ப்ரொவெச்சோ’ என்பார்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். பெரியவர்களிடம் ‘து’ போடாதீர்கள், ‘உஸ்தேத்’ போடுங்கள். நீ-நீங்கள் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ஆஓரிதா’ என்றால் அகராதியில் ‘இப்போதே’. ப்ளம்பர் சொன்னால், நம்மூர் ப்ளம்பரின் ‘இதோ வந்துட்டேன் சார்’ எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வீட்டில் சமைத்தால் ராஜபோகம். வெளியே கவனம். பீன்ஸ் பார்க்கச் சைவம்தான், ஆனால் பெரும்பாலும் ‘மந்தேகா’ என்ற பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள். சிவப்புச் சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கும். ‘கார்னே (இறைச்சி) இல்லாமல்’ என்று கேட்டால் கோழி போட்டுக் கொண்டுவருவார்கள், அவர்களுக்குக் ‘கார்னே’ என்றால் மாட்டிறைச்சி. மந்தேகா, கோழி, மீன், ஹாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். கள்ளியை முள் நீக்கி வதக்கிய நோபால், பூசணிப்பூ வைத்த கேசடியா இரண்டும் நம்பலாம்.

சந்தைக்குப் போனால் பாதி காய்கறி பழைய சிநேகிதர்கள். சௌசௌவுக்கு இது தாய்மண், இங்கே ‘சயோத்தே’. சப்போட்டா ‘சிகோசபோத்தே’, பெயரே இங்கிருந்துதான் நமக்கு வந்தது. மிளகாய், தக்காளி, கொய்யா எல்லாமே இந்தக் கண்டத்துப் பிள்ளைகள். புளி மட்டும் கடல் தாண்டி இங்கே வந்தது. ‘தமாரிந்தோ’ என்று கூடை கூடையாக, ஓட்டோடு கிடக்கும். உளுந்து, துவரம்பருப்பு, கறிவேப்பிலை கிடையாது. பருப்பைப் பெட்டியில் கொண்டுவருகிறோம். கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்துப் பழகிவிட்டாள் என் மனைவி. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

காலைல எழுந்தா பொழுதெல்லாம் என்னதான் பண்ணுவீங்க?

இதை எல்லாரும் கொஞ்சம் பரிதாபத்தோடுதான் கேட்கிறார்கள். ஆறரைக்கு ‘மலெக்கோன்’ என்ற கடற்கரை நடைபாதையில் நடை. டிசம்பர் முதல் மார்ச் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட இந்த விரிகுடாவுக்கு வரும். நடந்துகொண்டே இருக்கும்போது தூரத்தில் ஒரு வெள்ளைப் பீச்சல் தெரியும், எல்லாரும் நின்றுவிடுவோம். அப்புறம் சந்தை, சமையல், மத்தியானத் தூக்கம். வாரத்தில் இரண்டு நாள் ஸ்பானிஷ் வகுப்பு, ஒரு நாள் நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம். நவம்பர் முதல் மே தொடக்கம் வரை சனிக்கிழமைகளில் லாசரோ கார்தெனாஸ் பூங்காவில் ஒலாஸ் ஆல்தாஸ் சந்தை. மீதி நேரம் பில் கட்டுவதிலும் ப்ளம்பருக்குக் காத்திருப்பதிலும் போய்விடும்.

மலெக்கோனில் எனக்குப் பிடித்த ஆள் தூபாக்காரர். தோளில் பெரிய சுரைக்குடுக்கை, உள்ளே தென்னம்பாளை சீவி எடுத்த பானம். கோப்பையில் ஊற்றி, பொடியாக நறுக்கிய ஆப்பிளும் கடலையும் மேலே தூவித் தருவார். முதல் வாய் குடித்ததும் எனக்குத் திருச்செந்தூர் பதநீர் ஞாபகம் வந்தது. ஆனால் அதைவிட லேசாகப் புளிக்கும், பனையின் அந்தக் கருக்கு வாசம் இருக்காது. விசாரித்தால், மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் இந்தக் கரைக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இது. ‘தூபா’ என்ற சொல்லே அவர்களுடையது.

உடம்புக்கு ஏதாவது வந்தா என்ன செய்வீங்க?

சளி காய்ச்சலுக்கு மருந்துக்கடை. பல கடைகளை ஒட்டியே ஒரு சின்ன அறையில் மருத்துவர் இருப்பார், கட்டணம் சில டாலர்தான், வரிசையில் உட்கார வேண்டும். ஆன்டிபயாட்டிக் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள்; 2010 முதல் அப்படி. ரத்த அழுத்த மாத்திரை போன்றவை சீட்டில்லாமலே கிடைக்கும்.

பெரிய விஷயத்துக்குத் தனியார் மருத்துவமனை. நல்ல மருத்துவர்கள், ஆனால் காசு முதலில். மனைவிக்குப் பித்தப்பைக் கல் வலி வந்த ராத்திரி, ஒரு மருத்துவமனையில் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என் கிரெடிட் கார்டில் முன்பணம் ஏறும்வரை மேலே அனுப்பவில்லை. இரண்டு தடவை கார்டு மறுத்தது, வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி நிறுத்திவைத்திருந்தது. அன்றிலிருந்து இரண்டு வேறு வங்கியின் கார்டுகள் பர்ஸில் இருக்கின்றன.

மெடிகேர் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீடு இங்கே செல்லாது. அதற்காக, அதில் மருத்துவர் செலவுக்கான ‘பார்ட் பி’-யை நிறுத்திவிட்டு வந்து, பின்னால் திரும்பச் சேர்ந்தால், விட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும். நாங்கள் கட்டிக்கொண்டே இருக்கிறோம். கனடாவின் ஒன்டாரியோக்காரர்கள் பன்னிரண்டு மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் மாகாண மருத்துவக் காப்பு போய்விடும், நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். குடியிருப்பு அட்டை இருந்தால் ‘இம்ஸ்’ என்ற அரசுக் காப்பீட்டில் பணம் கட்டிச் சேரலாம். ஏற்கெனவே இருக்கும் பல நோய்களை அதில் ஏற்கமாட்டார்கள்.

தேள் இருக்குமாமே?

இருக்கும். பொன்னிறமாக, சின்னதாக; விஷம் கடுமை. செருப்பையும் துண்டையும் உதறிவிட்டுத்தான் எடுப்போம். கொட்டினால் நேராக மருத்துவமனை, விஷமுறிவு மருந்து வைத்திருப்பார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, வீட்டுக்குள் நான்கு பார்த்திருக்கிறேன். டெங்கு கொசுதான் எனக்கு அதிக பயம்.

உண்மையைச் சொல்லுங்க, பாதுகாப்பா இருக்கா?

அமெரிக்க வெளியுறவுத் துறை ஹலிஸ்கோ மாநிலத்தைப் ‘பயணத்தை மறுபரிசீலனை செய்க’ என்ற படியில் வைத்திருந்தது. இது வெறும் காகித எச்சரிக்கை இல்லை. நாட்டின் பலம் வாய்ந்த போதைக் கும்பல்களில் ஒன்று இந்த மாநிலத்தின் பெயரையே தாங்கியது. ஆள் காணாமல்போனதாகச் சொல்லும் சுவரொட்டிகளை நீங்கள் ஊரில் பார்ப்பீர்கள். அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்கள். நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு நடந்து வீடு திரும்புகிறோம், பயந்ததில்லை. ஆனால் எங்களுக்கு அமைதியாக இருப்பதால் ஊரே அமைதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நெடுஞ்சாலையில் இருட்டியபின் ஓட்டுவதில்லை, போதைப்பொருள் பக்கம் தலைவைப்பதில்லை, ஊர்ச் செய்தியை ஸ்பானிஷில் படிக்கிறோம்.

வயதானவர்களுக்கு இங்கே நேரடி ஆபத்து ஃபோனில் வருகிறது, டைம்ஷேர் (விடுதியில் வருஷத்துக்குச் சில நாள் தங்க வாங்கும் உரிமை) பெயரில். ‘உங்கள் டைம்ஷேரை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், வரியை மட்டும் முன்கூட்டிக் கட்டுங்கள்’ என்று நல்ல ஆங்கிலத்தில் பேசுவார்கள். இந்த ஊரை மையமாகக் கொண்டு அமெரிக்க முதியவர்களைக் குறிவைத்த இப்படியொரு மோசடி வலையை, மேலே சொன்ன கும்பலோடு தொடர்புடையது என்று, 2023-இல் அமெரிக்கக் கருவூலத் துறை தடைப்பட்டியலில் சேர்த்தது. விமான நிலையத்தில் சுங்கம் தாண்டியதும் ‘டாக்சியா சார்’ என்று புன்னகையோடு மறிக்கிறவர்களும் டைம்ஷேர் விற்பவர்களே. அவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை, ஆனாலும் நிற்காமல் நடங்கள்.

வெளிநாட்டுக்காரங்க கடலோரத்துல வீடு வாங்க முடியாதாமே? அப்புறம் எப்படி எல்லாரும் வாங்கியிருக்காங்க?

1917 அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வைத்திருக்க முடியாது. அதற்கு வழி ‘ஃபிதெய்கொமிசோ’: ஒரு மெக்சிக வங்கி பட்டாதாரர், பயனாளி நீங்கள். விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். ஐம்பது வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். வங்கிக்கு வருஷா வருஷம் கட்டணம்.

பத்திரம் ‘நோத்தாரியோ’ முன்னால் நடக்கும். நம்மூர் நோட்டரி போல முத்திரை குத்துகிறவர் என்று நினைக்காதீர்கள். இவர் மாநில அரசு நியமித்த மூத்த வக்கீல். வில்லங்கம் பார்ப்பது, வரி பிடிப்பது, பதிவுக்கு அனுப்புவது எல்லாம் அவர் வேலை. விலையைக் குறைத்துப் பத்திரம் போடலாம் என்று விற்பவர் ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் லாபமாகக் கணக்காகி, வரி உங்கள் தலையில் விழும். அப்புறம் அந்தச் செப்டம்பர் விஷயம்: மார்ச்சில் வந்து, மார்ச்சிலேயே கையெழுத்துப் போட்டவர்கள்தான் அடுத்த மார்ச்சில் விற்கிறார்கள்.

பக்கத்து ஊர்ல பாதி விலைக்கு பீச் ஓரமா இடம் இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரே?

‘எஹீதோ’ நிலமா என்று முதலில் கேளுங்கள். மெக்சிகப் புரட்சிக்குப் பின் கிராமக் குடியானவர்களுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் அது. 1992 சீர்திருத்தத்துக்குப் பிறகு முறைப்படி தனிச் சொத்தாக மாற்ற முடியும், ஆனால் மாற்றாத நிலம் ஏராளம். மாற்றாதவரை மேலே சொன்ன வங்கி ஏற்பாடு செய்ய முடியாது. ‘ஊர்ச்சபை கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கு, எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்க’ என்பார்கள். அந்தக் காகிதத்தில் வெளிநாட்டவர் பெயருக்கு மதிப்பில்லை. பாதி விலைக்குக் காரணம் அதுதான்.

டெக்சஸ்லேர்ந்து என் காரையே ஓட்டிட்டு வரலாமா?

சுற்றுலாவாக, அல்லது தற்காலிகக் குடியிருப்பில் இருக்கும்வரை, தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். நிரந்தர அட்டை வந்துவிட்டால் வெளிநாட்டு நம்பர் பிளேட் கூடாது. நாலு வருஷக் கணக்கை இதோடு சேர்த்துப் போடுங்கள். மெக்சிகோவில் செல்லும் காப்பீடு கட்டாயம். உண்மையில் இங்கே கார் எதற்கு? கல் பாவிய செங்குத்துத் தெரு, நிறுத்த இடமில்லை. நாங்கள் விற்றுவிட்டோம்.

வீட்டு வேலைக்கு ஆள் சுலபமா கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் சட்டம் இருக்கிறது. டிசம்பர் 20-க்குள் ‘அகினால்தோ’ என்ற வருஷ போனஸ், குறைந்தது பதினைந்து நாள் சம்பளம், கொடுத்தாக வேண்டும். வீட்டுப் பணியாளரை ‘இம்ஸ்’ காப்பீட்டில் பதிவு செய்வதும் இப்போது கட்டாயம். வாரம் ஒருநாள் வந்தாலும் இது பொருந்தும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இதைக் கொடுக்காமல் போன வெளிநாட்டவர் கதைகளைத் தோஞா பெயர், வருஷம், தொகையோடு சொல்லுவார்.

சத்தம் அதிகமாமே?

சேவல், நாய், பேண்டு வாத்தியம். டிசம்பர் 1 முதல் 12 வரை குவாதலூப்பே மாதாவுக்கு தினமும் ஊர்வலம், ஹுவாரெஸ் தெரு வழியாகக் கோயிலுக்கு. விடியுமுன்பே வாணம் வெடிக்கும். மார்கழி மாதத்து ஒலிபெருக்கியில் வளர்ந்தவர்கள் இரண்டே நாளில் தூங்கப் பழகிவிடுவார்கள்.

உள்ளூர்க்காரங்களுக்கு நம்ம மேல கடுப்பு இருக்காதா?

இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் வருஷ வாடகையிலிருந்து சுற்றுலா வாடகைக்கு மாறிவிட்டன. அங்கே இருந்த குடும்பங்கள் மலைச்சரிவில் இன்னும் மேலே, பஸ் ஏறாத பேட்டைகளுக்குப் போய்விட்டன. தோஞாவின் மகனே இப்போது விரிகுடாவின் மறுபக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வேலைக்கு வருகிறான். நாங்களும் அந்தக் கணக்கின் ஒரு பகுதிதான். பேரம் பேசாமல் டாலரில் கொட்டிக்கொடுப்பது தாராளம் என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்த வருஷம் அந்த வாடகைதான் தெருவின் வாடகை. நேரில் யாரும் முகம் சுளித்ததில்லை. இங்கே மரியாதை அப்படி. அதை வைத்துக் கடுப்பு இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

பிள்ளைங்க இல்லாம, நம்ம ஆளுங்க இல்லாம, போர் அடிக்காதா?

குளிர்காலத்தில் நேரமே இருக்காது. ஏப்ரல் கடைசியில் வடக்கிலிருந்து வந்தவர்கள் பெட்டி கட்டுவார்கள். ஒரே வாரத்தில் நண்பர்கள் பாதிப்பேர் காணாமல்போவார்கள். அப்புறம் மே முதல் அக்டோபர் வரை இருப்பது ஊர்க்காரர்களும் நாமும். ஸ்பானிஷ் அப்போதுதான் உண்மையில் வந்தது எனக்கு, பேச வேறு ஆள் இல்லாததால். என் மனைவிக்கு முதல் இரண்டு கோடை மிகக் கஷ்டம். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு ஆகஸ்டில் டிக்கெட்கூடப் பார்த்தாள். தோஞா தமாலே செய்யக் கூப்பிட்டு மக்காச்சோள மாவு பிசையவைத்தது அந்த வாரம்தான். இட்லி மாவுப் பதம் தெரிந்த கை என்று தோஞாவுக்கு ஆச்சரியம்.

ஊருக்குப் பேச நேரம் மட்டும் சுலபம். 2022 அக்டோபரோடு மெக்சிகோ கோடை நேரத்தை ஒழித்துவிட்டது. இந்தியாவோடு வருஷம் முழுக்கப் பதினொன்றரை மணி வித்தியாசம். இங்கே ராத்திரி எட்டு என்றால் மதுரையில் மறுநாள் காலை ஏழரை, அக்கா காபி குடிக்கும் நேரம்.

கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அங்கேயே ஏதாவது ஆயிட்டா?

தப்பில்லை. எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பது இதைத்தான். சட்டப்படி இறந்த 48 மணி நேரத்துக்குள் அடக்கமோ தகனமோ, உடலைப் பதப்படுத்துவதோ நடக்க வேண்டும். தள்ளிப்போட அதிகாரிகளின் அனுமதி தேவை. இதெல்லாம் செய்யாமல், மகன் சியாட்டிலிலிருந்து வந்து சேருவான் என்று சும்மா காத்திருக்க நேரமிருக்காது. வீட்டில் மரணம் நேர்ந்து, சான்றிதழ் எழுத மருத்துவர் இல்லையென்றால் விஷயம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் போகும். அதனால் வழக்கமாகப் பார்க்கும் உள்ளூர் மருத்துவர் ஒருவர் இருப்பது அவசியம். தகன மேடை ஊரில் உண்டு. இறப்புச் சான்றிதழில் பல பிரதிகள் வாங்கி, அமெரிக்கத் தூதரக முகவர் அலுவலகத்தில் பதிவு செய்தால் அங்கே பென்ஷன், வங்கி வேலைக்கு ஆகும் ஆவணம் தருவார்கள்.

வீடு வாங்கியவர்கள், மேலே சொன்ன வங்கி ஏற்பாட்டிலேயே அடுத்த பயனாளியின் பெயரை எழுதிவிடுங்கள்; நீதிமன்ற அலைச்சல் இல்லை. மற்ற சொத்துக்கு மெக்சிகோவிலும் ஒரு உயில் வேண்டும். செப்டம்பர் இங்கே ‘உயில் மாதம்’, நோத்தாரியோக்கள் கட்டணத்தைக் குறைப்பார்கள். நாங்கள் அந்தப் புழுக்கத்தில் போய்த்தான் எழுதினோம்.

எங்கள் உயில், அட்டை நகல்கள், மருத்துவர் எண், பிள்ளைகளின் எண் எல்லாம் ஒரு பச்சை நிறக் கோப்பில், சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கின்றன. மேலே ஸ்பானிஷில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இடம் தோஞாவுக்குத் தெரியும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைக்கிறாள் மனைவி.